தலைக்கு மேல் ஒரு விரிசல்

தையல்கார அக்காவுக்கு வீட்டு ஓனரின் செருப்புச் சத்தம் கேட்டாலே மெஷின் மிதிக்கும் கால் நின்றுவிடும். மாடியில் தண்ணீர் தேங்கி, தையல் மெஷினுக்கு நேர் மேலே கூரையில் விரிசல் விட்டு ஒரு வருஷமாகிறது. அடித்துப் பேசினால் காலி பண்ணச் சொல்லிவிட்டு, அட்வான்ஸையும் அமுக்கிவிடுவாரோ என்று பயம். அதனால் அவரிடம் போய்க் கெஞ்சிவிட்டு வந்த ஒவ்வொரு நாளும் மேஜை மேல் ஏறி, விரிசல் முடிகிற இடத்தில் துணிக்குக் குறி போடும் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துத் தேதி எழுதிவிடுவாள். தொழில் புத்தி, வேறென்ன.

அன்று வந்தவர் அண்ணாந்து பார்த்தார். "என்னம்மா இப்படிக் கிறுக்கி வச்சிருக்கே? பெயிண்ட் செலவை அட்வான்ஸ்லதான் கழிப்பேன்."

அவள் கோடுகளைக் கைகாட்டினாள். "கிறுக்கல் இல்லீங்க. உங்ககிட்ட வந்து சொன்ன தேதிங்க. பதினொண்ணு இருக்கு. போட்டோவும் எடுத்து வச்சிருக்கேன்."

"இதென்ன பெரிய சாட்சியா?" என்று மேஜை மேல் ஏறிக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தார். உள்ளங்கை அகலக் காரை பெயர்ந்து மெஷின் மேல் விழுந்தது. மறு நொடி அவர் வாசலுக்கு வெளியே நின்றார்.

"உள்ள வாங்க, பேசலாம்."

"வேணாம்மா, இங்கேயே நிக்கிறேன்."

"நான் தினமும் இதுக்கு அடியிலதாங்க உக்கார்றேன்," என்றாள்.