கொல்லைச் சுவரில் நின்ற மரப் பஸ்

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்து வீட்டில் நான் சேர்த்துவைத்த பொம்மைகளைக் கண்டாலே என் மனைவிக்கு எரிச்சல். "பிள்ளை பெத்த பொறவும் வெளையாட்டுச் சாமானா?" என்பாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்தில் வாங்கிய மரப் பஸ்ஸைத் துடைத்துக் கொல்லைச் சுவரில் காயவைத்தவன், மறந்துவிட்டேன். எடுக்கப் போனால், உள்ளே தேங்காய் நாரும் மில் பஞ்சும். நடுவே கண் திறக்காத அணில் பிள்ளைகள். வர்ணமெல்லாம் போச்சே என்று தாய் அணிலைத் திட்டியபடி கையை நீட்டினேன்.

மனைவி தடுத்தாள். "தொடாதீக. இப்பத்தான் இந்த பஸ்ல ஆளு ஏறியிருக்கு."

மழை வந்தபோது என் குடையை அதன்மேல் விரித்துக் கட்டியதும் அவள்தான். நனைந்துகொண்டே வேலைக்குப் போனேன்.

அந்த அணில் நன்றாக இருக்கட்டும். அடுத்த தேரோட்டத்தில் மர லாரி ஒன்றைக் கையில் எடுத்து, "இதுல இன்னும் தாராளமா இருக்கும், வாங்குங்க" என்றாள் மனைவி.