ரிப் துணியில் சோதித்த கேமரா

எங்கள் கம்பெனியில் துணி செக்கிங் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். சாயத்துக்கான லேபில் இருக்கும் நண்பர், என்னைவிடப் பத்து வயது இளையவர், ரேஞ்ச்ஃபைண்டர் டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்க ஆசைப்பட்டார். அதைப் பற்றி யூடியூப் வீடியோக்களில் சொல்வதையெல்லாம் நம்பலாமா என்று என்னிடம் கேட்டார்.

இரண்டு வாரத்தில் பதினான்கு வீடியோக்கள் பார்த்து நோட்டில் குறித்தேன். ஒருவர் ஆறு மாதமாகப் பயன்படுத்துகிறேன் என்கிறார்; கேமராவின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படவில்லை. இன்னொருவர் நிறம் அப்படியே வருகிறது என்கிறார்; அவருடைய வெள்ளைச் சுவரே வீடியோவில் நீலம் பூத்திருக்கிறது. ஒரு பெண் மட்டும் வேறு யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: ஒரே இடைவெளியில் நிற்கும் கோடுகளைப் பார்த்து ஃபோகஸ் செய்யாதீர்கள். படம் எதுவும் காட்டவில்லை. "ஆதாரம் இல்லை" என்று எழுதி, நோட்டில் அவர் சொன்னதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

அடுத்த வாரம் நண்பர் கேமராவோடு வந்தார். சோமனூரில் விசைத்தறி வைத்திருப்பவர் ஒருவர் தன்னுடைய கேமராவை விற்பதாகச் சொல்லி, இரண்டு நாள் பார்க்கக் கொடுத்திருந்தார்.

"நீங்க சரின்னா வாங்கறனுங்ணா. வேண்டாம்னா திருப்பிக் குடுத்தர்றனுங்க."

இந்தக் கேமராவில் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நடுவே ஒரு சின்னச் சதுரம். அதற்குள் பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ். நான் எதையும் சோதிப்பது துணியை வைத்துத்தான். டீ-சர்ட் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியை, செங்குத்துக் கோடுகள் நன்றாகத் தெரியும்படி, டியூப்லைட் வெளிச்சத்தில் தொங்கவிட்டேன். இரண்டும் ஒன்றாகிவிட்டன என்று உறுதி செய்துகொண்டு பத்துப் படங்கள் எடுத்தேன். எட்டில் துணி மங்கல்.

"ரிஜெக்ட்" என்றேன்.

"துணி வாங்கற பையர்கூட உங்களாட்டக் கறார் இல்லீங்ணா" என்று சிரித்தார். முகம் மட்டும் வாடிவிட்டது. படங்களை என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை சோமனூருக்குப் பஸ் ஏறினார்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. ஃபோகஸ் துணிக்கு முன்னால் விழுந்ததா, பின்னால் விழுந்ததா? படங்களைப் பெரிதாக்கினேன். சிலவற்றில் துணிக்குப் பின்னால் இருந்த காலண்டரின் எண்கள் பளிச்சென்று தெரிந்தன. சிலவற்றில் துணிக்கு முன்னால் இருந்த மேசை விளிம்பு. கேமரா பழுதென்றால் எல்லாம் ஒரே பக்கம் பிசகியிருக்க வேண்டுமே. அப்போதுதான் புரிந்தது. ரிப்பில் எல்லாக் கோடும் ஒன்றுபோல. ஒரு கோடு அடுத்த கோட்டின் மேல் போய் உட்கார்ந்ததைப் பார்த்து, சேர்ந்துவிட்டது என்று நான் நினைத்திருக்கிறேன். நான் நோட்டில் அடித்துவிட்டேனே, அந்தப் பெண் சொன்னது இதைத்தான்.

உடனே நண்பருக்கு போன் செய்தேன்.

"அவரு ஊட்டு வாசல்லதானுங்ணா நிக்கறன். அவரும் பக்கத்துலதான் இருக்கறாருங்க."

"குடுத்தறாதீங்க. தப்பு கேமராவுல இல்லீங்க, நான் பார்த்த துணியில. யாராச்சும் ஒருத்தரோட கண்ணைப் பார்த்து ஃபோகஸ் பண்ணி ஒரு படம் எடுங்க." ரிப் விஷயம் முழுவதையும் விளக்கினேன்.

சற்று நேரத்தில் படம் வந்தது. சோமனூர்க்காரரின் முகம். இமை முடிகளை எண்ணிவிடலாம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கால் மணி நேரம் கழித்து நண்பரே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணா, அவரு இத்தனை நாளா தறியில நிக்கற பாவு நூலைத்தான் எடுத்துப் பார்த்திருக்கறாருங்க. அதும் கோடு கோடாத்தானுங்களே இருக்குது. படம் மங்கலா வருதுன்னுதான் விக்கறதுக்கே வந்தாராமா."

"சரிங்க, இப்ப?"

"இப்பத் தர மாட்டேங்கறாருங்ணா. டீ வாங்கிக் குடுத்து, உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு. நீங்க சொன்னதெல்லாம் அவரும் கேட்டுட்டாருங்க, போனை ஸ்பீக்கர்ல போட்டது என்னோட தப்புங்க."

"படம் நல்லா வந்திருக்குதுங்க" என்றேன்.

"அதை மட்டும் சொல்லாதீங்ணா" என்று போனை வைத்துவிட்டார்.