பனி மூடுவதற்குள் ஒரு பள்ளத்தாக்கு

போன வாரம் பாடசாலை விடுமுறை. பயணம் ஒன்றுக்காக இந்த வாத்தியார் புதுச் சப்பாத்து வாங்கினார். மலையேறுவதற்கென்றே செய்ததாம்! கூடவே ஊன்றுதடி, முதுகுப்பை, பெரிய தொப்பி... கண்ணாடியில் பார்த்து எனக்கு நானே சல்யூட் அடித்துக்கொண்டேன். தெரு நாய்தான் ஆள் தெரியாமல் குரைத்தது.

போன இடம்? நுவரெலியாவுக்கு அப்பால், பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்கும் ஒரு பூங்கா. ஏற வேண்டிய தூரம் ஒரு கிலோமீட்டர்தான்!

கூட வந்தது என் அக்கா. டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷமாகக் கொழுந்து எடுக்கிறாள். காலில் ரப்பர் செருப்பு, கையில் துணியில் முடிந்த ரொட்டி.

"மலைய மூஞ்சிக்கு நேராவே பாத்தாச்சு தம்பி. ஒருக்கா மேல நின்னு கீழ பாக்கணும்." இதை எத்தனை வருஷமாகச் சொல்கிறாள்! நான்தான் 'அடுத்த லீவுக்கு' என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஒரே ஒரு சிக்கல். பத்து மணியானால் பனி ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும்.

வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள். பொலித்தீன் உள்ளே போகக் கூடாதாம். என் பையிலிருந்து பிஸ்கட், சிப்ஸ், முறுக்கு, லஞ்ச் ஷீட்டில் சுற்றிய பணிஸ்... வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றையும் பிரித்துக் கடதாசிப் பைகளுக்கு மாற்ற அரை மணித்தியாலம் போனது. அக்காவின் முடிச்சை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பாதி வழியில் சப்பாத்து கடித்தது. மூச்சும் வாங்கியது.

"நீ போக்கா" என்றேன்.

"ஒன்ன வுட்டுட்டு எப்புடிப் போறது? மெதுவா வா" என்று பையைப் பிடுங்கிக்கொண்டாள். கொழுந்துக் கூடை போலத் தலையில் மாட்டாத குறைதான்.

மேலே போனபோது பத்தேகால். எதிரே வெறும் வெள்ளைச் சுவர். வந்தவர்கள் பனியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அவளுடைய ஆசையைக் கெடுத்தது என் முறுக்கும் சப்பாத்தும்தானே?

"வாக்கா, போவோம். இனித் தெளியாது."

"இரு. காத்து மாறுது."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"நான் தெனம் பனிக்குள்ள நிக்கிறவ. நீ போய் ஒக்காரு."

கொஞ்சம் கீழே ஒரு பாறையில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிக் கொப்புளத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ஓடியா! தொறந்துருச்சு!"

ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டி நொண்டி ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் மறுபடி வெள்ளைச் சுவர்!

அக்காவின் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. எனக்குச் சந்தோஷம்தான்... கொஞ்சம் பொறாமையும்.

"என்னக்கா தெரிஞ்சிச்சு?"

"அடியில தேயில மல. பாய் விரிச்சாப்புல. கொழுந்து எடுக்கிறவங்க புள்ளி புள்ளியா... காலுல ஏறுற அட்டையும் தெரியல, வழுக்கலும் தெரியல. அம்புட்டு அழகு!"

ரொட்டியைப் பிய்த்து என் கையில் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"இப்பதான் வெளங்குது தம்பி, தோட்டத்துத் தொர பங்களாவ ஏன் மேட்டுல கட்டுனாங்கன்னு."