டேக் ஓகே ஆகாத காட்சிகள்

துணை நடிகைக்கு வசனம் கொஞ்சம், காத்திருப்பு நிறைய. நடுவில் எப்போதாவது ஸ்கிரிப்டில் இல்லாத ஏதாவது நடக்கும். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சீரியலுக்கும் நாடகத்துக்கும் ஓடுகிற எனக்கு நடந்ததில் மூன்றைச் சொல்கிறேன். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்குப் பாதி சொன்னாலே புரியும்.

திறக்காத கதவு

மேடவாக்கத்தில் ஒரு வீட்டில் ஷூட்டிங். வில்லி என்னை ஸ்டோர் ரூமில் அடைத்துவிடுவாள், உள்ளே புகை பரவும். கேமரா வெளியே. கதவைச் சும்மா சாத்தியிருக்கிறோம், தள்ளினால் திறக்கும் என்றார்கள். புகை அளவு மீறியது. தள்ளினேன், திறக்கவில்லை. "காப்பாத்துங்க" என்று உயிர் போகக் கத்தினேன். வசனமும் அதேதான் என்பதால் யாரும் அசையவில்லை.

கண் இருட்டியபோது உதவி இயக்குநர் செல்வா ஞாபகம் வந்தது. "செல்வா, கதவைத் திறடா" என்றேன். அவன் தோளால் இடித்துத் திறந்தான். நான் தரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்க, டைரக்டர் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "செல்வான்னு மட்டும் கூப்பிடாம இருந்திருந்தா டேக் ஓகே மேடம்."

வராத கணவர்

தாம்பரத்தில் ஒரு பள்ளி ஹாலில் நாடகம். கணவராக நடிக்கும் மூர்த்தி சார் வண்டலூரிலிருந்து பைக்கில் வரவேண்டும். சிறப்பு விருந்தினருக்கு அவசரம் என்று திரையைத் தூக்கிவிட்டார்கள். அவர் நுழைய வேண்டிய கட்டம் வந்தது, ஆளைக் காணோம். கொடியில் கிடந்த ஒரே புடவையை மடித்தேன், உதறினேன், மறுபடி மடித்தேன். கதையில் இல்லாத பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டினேன்.

கடைசியில் கையில் ஹெல்மெட்டோடு நுழைந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று நிஜமாகவே கேட்டுவிட்டேன். பெருங்களத்தூரில் டிராஃபிக் என்றார், அவரும் நிஜமாகவே. ஹாலே கைதட்டியது. முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து சொன்னார்: "அந்த ஒரு வசனம்தாம்மா இயல்பா இருந்துச்சு."

டாக்டரம்மா

அப்போது ஒரு சீரியலில் டாக்டராக வந்துகொண்டிருந்தேன். பொங்கல் கூட்டத்தில் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவர் மனைவி, "டாக்டரம்மா" என்று என் கையைப் பிடித்துவிட்டார். நான் வெறும் நடிகை என்று கெஞ்சினேன். பிடி தளரவில்லை. சுற்றிலும் ஜனம் நெருக்க, அந்த மனிதருக்கு மூச்சு வாங்கியது.

வேறு வழியில்லாமல் சீரியல் குரலை எடுத்தேன். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன், நின்றார்கள். ஒருவரை ஆம்புலன்சுக்குப் போன் பண்ணச் சொன்னேன், பண்ணினார். அவர் சட்டைப் பட்டனைத் தளர்த்தினேன். ஆம்புலன்ஸ் வந்தது, அவர் கண் திறந்திருந்தது. ஏறும்போது அந்தம்மா என் காதருகே சொன்னார்: "நீ டாக்டர் இல்லன்னு எனக்குத் தெரியும்மா. நீ சொன்னா ஜனம் கேக்கும்னுதான் கையப் புடிச்சிக்கினேன்."

டைட்டிலில் என் பெயர் படிப்பதற்குள் ஓடிவிடுகிறது. தெருவில் என்னை அடையாளம் கண்டவர்கள்தான் அவ்வளவு சுலபத்தில் ஓட விடுவதில்லை.