புவனேஸுக்குப் பேச்சு நின்ற கதை

மலேசிய மலைப்பக்கம், ரிங்லெட் ஊருக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் புவனேஸ் வாயைத் திறந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். கணக்கெழுதும் கிராணி முதல் லாரி ஓட்டுபவர் வரை எல்லோரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். நான் பக்கத்து வீடு, எனக்குக் கொஞ்சம் கூடுதல். அந்த வாய்க்காரிக்கு வலிப்பும் இருந்தது. கொழுந்து எடுக்கும்போது சரிவில் இரண்டு முறை உருண்டாள். இரண்டாம் முறை தோள்பட்டை முறிந்தது. எந்த மாத்திரைக்கும் வலிப்பு அடங்கவில்லை.

கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் மண்டையோட்டைத் திறந்து, பொட்டு அளவு மின்முனைகள் பதித்த மெல்லிய தகட்டை மூளையின் மேலேயே வைத்தார்கள். மூளையில் ஓடும் மின்சாரம் திரையில் கோடுகளாக வந்தது. ஐந்தாம் நாள் வலிப்பு வந்தபோது, அது கிளம்பும் இடத்தைப் பிடித்துவிட்டார்கள். அதை வெட்டினால் வலிப்பு போய்விடும். ஆனால் பேச்சுக்கான இடமும் அங்கேயே இருந்தால்? அதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு மின்முனையிலும் லேசாக மின்சாரம் விட்டு, படம் காட்டிப் பெயர் கேட்டார்கள். அவள் தவறினால் அந்த இடத்தில் கத்தி படாது.

புவனேஸுக்குத் தமிழ்தான் சரளம். தமிழ் தெரிந்த தாதி அன்று விடுப்பு. அதனால் பரிசோதித்த மலாய்க்காரப் பெண் நாதிரா, புவனேஸின் கணவன் தர்மேந்திரனை உட்காரவைத்து, அவள் சொல்வது சரியா தவறா என்று மட்டும் சொல்லச் சொன்னாள்.

இருபத்து மூன்று வருஷமாக மனைவியின் சாக்கில் எடை குறைந்தால் தன் கொழுந்தை அள்ளிப் போட்டுக் காப்பாற்றியவன் அவன். இதையும் ஒரு நிறுவை என்றே நினைத்துவிட்டான், மடையன். குடைப் படத்துக்கு அவள் "கதவு" என்றாள்.

"பெத்துல், பாங்?" சரியா அண்ணே என்று மலாயில் கேட்டாள் நாதிரா.

"பெத்துல்லா, மிஸ்ஸி."

இப்படி மூன்று இடங்களில் தப்பைச் சரி என்று சொன்னான். தப்பு என்றால் ஆபரேஷன் செய்யாமல் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாம்.

அந்த மூன்று இடங்களிலும் கத்தி பட்டது. பதினான்கு மாதமாக வலிப்பு ஒரு தடவைகூட வரவில்லை. பேச்சும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது, பதில்தான் இல்லை.

போன வாரம் தர்மேந்திரன் என் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதான். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கூடச் சேர்ந்து அழவும் தோன்றியது.

"அவகிட்ட சொல்லிட்டியாடா?"

"நேத்து சொல்லிட்டேன்க்கா."

"என்ன செஞ்சா?"

"வாயைத் தொறந்தாக்கா. நல்லா ஏசட்டும்னு முன்னாலயே நின்னேன். ரொம்ப நேரம் தொறந்தேதான் இருந்துச்சு."