தலை மழித்த மூன்று ஈச்சைகள்

ஸுவைனாவின் பலா மரத்தைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. ஸான்ஸிபார் தீவில் பிறந்தவள், பிறந்த மண்ணை மறக்க முடியாமல் வளர்க்கிறாள் என்று பெண்கள் பரிதாபப்படுவார்கள். அதைக் கேட்டால்தான் அவளுக்கு எரிச்சல் வரும். அவளைக் கப்பலேற்றி ஓமானுக்குக் கொண்டு வந்தபோது அவளுக்குப் பல்கூட முழுசாக முளைக்கவில்லை. மறப்பதற்கு என்ன இருந்தது? சொந்தக்காரர் ஒருவர் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது அங்கிருந்து ஒரு பலாப்பழம் கொண்டுவந்தார். தின்றாள், ருசித்தது, கொட்டையை ஊன்றினாள். “இந்த மண்ணுல அது வராது” என்று புருஷன் கல்ஃபான் சொல்லாமல் இருந்திருந்தால் அத்தோடு விட்டிருப்பாள்.

முதல் கன்று அனல் காற்றில் கருகியது. அடுத்ததை ஆடு தின்றது. கடைசிக் கன்றைத் தோட்டத்து மூலையில், நெருங்கி நின்ற மூன்று பேரீச்சைகளுக்கு நடுவில் வைத்தாள். பழைய மட்டைகள் குடை மாதிரி கவிந்து தொங்கிய இடம் அது. அந்த நிழலில் அல்லாஹ் அதைப் பிழைக்க வைத்தான். அன்றிலிருந்து அந்த மூன்று மரத்திலும் ஒரு மட்டையைக்கூட வெட்ட அவள் விடவில்லை.

அந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. வருஷா வருஷம் மட்டை கழித்து, மழித்த தலை மாதிரி ஈச்சையை நிறுத்துவதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு. வாய்க்கால் ஓரமாகப் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் அந்த மூன்றையும் பார்த்துவிட்டு, “கல்ஃபான் வீட்ல அரிவாள் தொலைஞ்சு போச்சா?” என்று கேட்டுக்கொண்டு போவார்கள். கல்ஃபான் பொறுத்தார். பலா உயர்ந்ததே தவிர ஒரு பிஞ்சுகூட வைக்கவில்லை. அதற்கும் பொறுத்தார். போன கோடையில், வீட்டுக்கு வீடு முறை வைத்து விடும் ஊர் வாய்க்காலில் தண்ணீர் பாதியாகிவிட்டபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

“உம்மு ஸயீத்,” என்று, மகன் ஸயீதின் அம்மாவாக, அவளைக் கூப்பிட்டார். “இந்தப் பலா குடிக்கிற தண்ணிக்கு ரெண்டு ஈச்சை குலை தள்ளியிருக்கும். வர்ற கோடை வரைக்கும் பாப்பேன். ஒரு பழம், ஒண்ணே ஒண்ணு, பழுத்து வரட்டும். நான் சாகிற வரைக்கும் தண்ணி விடறேன். வரலேன்னா நம்ம முறைத் தண்ணி பூரா ஈச்சைக்குத்தான்.”

“வந்துட்டா பேச்சு மாற மாட்டீங்களே?”

“நான் என்னிக்கு மாறினேன்?”

அடுத்து வந்த வசந்தத்தில் அடிமரத்தில் பிஞ்சு விட்டது. நிறைய உதிர்ந்து ஒன்றே ஒன்று நின்றது. விடியற்காலை சுபுஹு தொழுததும் அவள் நேரே அங்கேதான் போவாள். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொட்டுப் பார்ப்பாள். காய் காபிக் கூஜா அளவுக்கு வந்தபோது பக்கத்து ஊரில் மாமன் மகள் மௌத்தாகிவிட்டாள். துக்க வீட்டில் மூன்று நாள் இருக்க வேண்டிய முறை. இருந்தாள்.

திரும்பி வந்து தோட்டத்தில் கால் வைத்ததுமே கண் கூசியது. வெயில் வரக்கூடாத இடத்தில் வெயில் அடித்தது. மூன்று ஈச்சைகளும் மொட்டையாக நின்றன. கீழே கல்ஃபானின் தம்பி நாஸர் வாயெல்லாம் பல்லாக நின்றான். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தான்.

“பாத்தீங்களா அண்ணி? இனிமே ஊர்ல ஒருத்தன் வாயத் திறக்க மாட்டான்.”

“உன்னை யாரு வெட்டச் சொன்னா?”

“இதுக்கு ஒருத்தர் சொல்லணுமா? குலையை இறக்கிக் கட்ட ஏறினேன். மட்டையெல்லாம் தாடி மாதிரி தொங்குது. நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிட்டா சந்தோஷப்படுவீங்கன்னு...”

“மட்டையெல்லாம் எங்க?”

“பச்சையை ஆடு தின்னுடுச்சு. காஞ்சதுல ரொட்டி சுட்டாச்சு.”

ஸுவைனா நிமிர்ந்து மரங்களைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “நீ மஸ்கட்லயே இருந்திருக்கலாம் நாஸர்,” என்றாள்.

வீட்டிலிருந்த போர்வைகளைக் கொண்டுவந்து கட்டினாள். மேல்காற்று கிழித்துப் போட்டது. சாக்கை நனைத்துச் சுற்றினாள். அடுப்பில் வைத்த மாதிரி காய்ந்தது. இலைகள் விளிம்பிலிருந்து சுருண்டு அப்பளமாக நொறுங்கின. யா அல்லாஹ், இத்தனை வருஷம் வைத்திருந்துவிட்டு இப்போதா என்று நினைத்தாள். நினைத்ததற்கு உடனே மன்னிப்பும் கேட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு ஆண்கள் பள்ளிவாசலில் இருந்த நேரத்தில், காய் விழுந்துவிட்டது.

கல்ஃபான் வந்து அதைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். “பழுக்கல.”

“எப்படிப் பழுக்கும்?”

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா சொன்ன சொல்லு இருக்கில்ல.” காயைக் கீழே வைக்கப் பார்த்தார், கை வரவில்லை. காம்பிலிருந்து வடிந்த பால் விரல்களைச் சேர்த்து ஒட்டியிருந்தது. வாய்க்காலில் கழுவக் கழுவ இன்னும் பிசுபிசுத்தது.

“தண்ணியில போகாது. எண்ணெய் தேய்க்கணும்,” என்று அவள் உள்ளே போய் எடுத்து வந்த கிண்ணத்தை நீட்டினாள். “அபூ ஸயீத், காய்க்கணும்னு சொன்னீங்க, காய்ச்சுது. பழுக்கவிடாம கெடுத்தது உங்க தம்பி. அதுக்குத் தாகம் மரத்துக்கா?”

பின்னாலேயே வந்திருந்த நாஸர் உதிர்ந்து கிடந்த இலைகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

சாயங்காலம் தண்ணீர் முறை வந்தது. கல்ஃபான் ஈச்சைப் பாத்தியைத் திறந்துவிட்டு வந்தார். பலாவின் பாத்தி வாயைத் துணி சுற்றிய கல் அடைத்திருந்தது. ஸுவைனா நகத்தால் மரப்பட்டையைக் கீறிக் காட்டினாள். உள்ளே பச்சை இருந்தது. அவர் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். பிறகு, எண்ணெய்க் கையாலேயே கல்லை இழுத்தார்.

“இன்னும் ஒரு கோடை. அதுவும் இவன் செஞ்ச தப்புக்காக. மரத்துக்காக இல்ல.”

ஸுவைனாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. மட்டைகள் மறுபடி கவிய எத்தனை வருஷமோ. அவர் கொடுத்ததோ ஒரு கோடை.

“அதுவரைக்கும் நிழலு?” என்று நாஸரைக் கேட்டாள்.

மறுநாள் அவன் வீடு வீடாகப் போய் மட்டை கேட்டான். வெட்டிப் போட்டவனே வந்து கேட்கிறானே என்று ஊரே சிரித்தது. சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். அவன் கட்டிய பந்தல் ஒரு பக்கம் சாய்ந்து, அஸர் தொழுகைக்குப் பிறகு வரும் சாய்வெயிலை அப்படியே உள்ளே விட்டது. ஸுவைனா பெருமூச்சு விட்டுக் கயிற்றை அவிழ்த்தாள், முதலிலிருந்து கட்ட.