பேரரசி படிப்பித்த மொழி

நோர்வேக்கு மணப்பெண்ணாக வந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் என் கணவரின் அக்கா வாங்கியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் எங்களுக்கு ஓர் அறை தந்தார்கள். கணவர் பஸ் ஓட்டினார். அவருடைய அக்காவை நான் மச்சாள் என்று கூப்பிட்டேன். மச்சாள் எனக்கு இருபது வருடம் முன்னரே வந்தவர். மொழி தெரிந்தவர், அலுவலக வேலை செய்பவர், எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்கள் நடத்திய மகளிர் அமைப்புக்குத் தலைவி. இந்த நாட்டில் வாழ்க்கை தபாற்பெட்டிக்குள்தான் வந்து விழும். வரி, வைத்தியர், பாடசாலை, விசா எல்லாமே கடிதம். அந்தக் கடிதங்களோடு பெண்கள் மச்சாளின் குசினி மேசையைச் சுற்றி இருப்பார்கள். மச்சாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்வார். யாருக்கு என்ன வருத்தம், யாருடைய புருஷனுக்கு வேலை போனது என்பதெல்லாம் மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

நான் வந்து மூன்றாம் மாதம் என் பெயருக்கு முதல் கடிதம் வந்தது. உறையைப் பிரிக்காமல் மச்சாளிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார்.

"மொழி வகுப்புக்கு உமக்கு இப்ப இடமில்லையாம். அடுத்த வருசம் பாப்பம்."

"வேற எங்கையும் போய்ப் படிக்கேலாதோ மச்சாள்?"

"ஏன் அவசரப்படுறீர்? இஞ்சை நாங்கள் இருக்கிறம்தானே."

கடிதத்தை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் சோற்றைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த வருடம் முழுவதும் நான் அந்த வீட்டில் சமைத்தேன். மச்சாளின் இரண்டு பெண்பிள்ளைகளையும் பாடசாலைக்குக் கொண்டுபோய் விட்டேன், கூட்டிவந்தேன், மருந்து கொடுத்தேன். பகலில் கீழ்த்தளத்தில் உடுப்பு அழுத்துவேன். தமிழ் அலைவரிசைகள் மேலே, மச்சாளின் வரவேற்பறையில் மட்டும்தான் வரும். கீழே இருந்த பழைய தொலைக்காட்சியில் நோர்வே அலைவரிசைகள் இரண்டு. அதில் ஒன்றில் பகல் ஒரு மணிக்கு ஒரு சரித்திரத் தொடர் ஓடியது. ரஷ்யப் பேரரசி ஒருத்தியின் கதை. பேச்சு ரஷ்ய மொழியில், கீழே நோர்வே மொழியில் எழுத்து. இரண்டுமே எனக்குத் தெரியாது. ஆனாலும் முதல் நாளே ஸ்திரிக்கைப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தேன். ஏனென்றால் கதை தொடங்கியதே ஒரு பெண் வண்டியில் ஏறி, பனிக்குள்ளால், முன்பின் பார்த்திராத ஒருவனைக் கட்ட வேறொரு நாட்டுக்குப் போவதோடுதான்.

ஜெர்மன் பக்கத்துச் சின்ன அரச குடும்பத்துப் பிள்ளை அவள். வந்த இடத்தில் பெயரை மாற்றினார்கள், சமயத்தை மாற்றினார்கள். கட்டியவன் வளர்ந்த பிறகும் பொம்மைச் சிப்பாய்களோடு விளையாடிக்கொண்டிருந்தான். அரண்மனையில் அவளிடம் எல்லாரும் எதிர்பார்த்தது ஒரு வாரிசை மட்டும். அவள் குளிரில் வெறுங்காலோடு நடந்து நடந்து அந்த நாட்டு மொழியைப் பாடமாக்கினாள், காய்ச்சலில் விழுந்தாள், எழும்பினாள். தன்னை அவமானப்படுத்தியவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் ஸ்திரிக்கைப்பெட்டியின் சூட்டுக்கு மேலால் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

பகலில் ஒரே அத்தியாயத்தை இரண்டு தடவை போடுவார்கள். இரண்டாம் முறை கதை தெரியும் என்பதால் எழுத்தை மட்டும் பார்ப்பேன். மச்சாளின் மகள்மாரின் பழைய கொப்பியில் சொற்களை எழுதி வைத்தேன். கணவரின் மேசையில் ஒரு தடித்த அகராதி கிடந்தது. அதில் தேடினேன். இப்படித்தான் சிம்மாசனம், துரோகி, வாரிசு, பழிவாங்கல் என்ற சொற்கள் எனக்கு நோர்வே மொழியில் தெரியவந்தன. பால், பாண், பஸ் நிறுத்தம் பிறகுதான் வந்தன. அரண்மனையில் அடிக்கடி ஒருவர் காதுக்குள் ஒருவர் கேட்ட சொல் ஒன்று: கிரவீட். கர்ப்பம்.

வசந்தகாலம் தொடங்கி, பனி உருகி வீதியெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு நாள், தபாற்பெட்டியில் என் பெயருக்கு இரண்டாவது கடிதம் இருந்தது. முன்னைய கடிதத்தில் இருந்த அதே சின்னம். மச்சாள் வேலையில். நான் உறையைப் பிரித்தேன், வாசித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் கூட இல்லாமல். இரண்டாவது வரியில் அந்தச் சொல் இருந்தது. கிரவீட்.

அகராதியை எடுத்துக்கொண்டு கீழே நிலத்தில் இருந்தேன். நான்கு வரிக் கடிதத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. போன இலையுதிர்காலத்தில் உங்களுக்கு வகுப்பில் இடம் தந்திருந்தோம். நீங்கள் கர்ப்பமாக இருப்பதால் வர விரும்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு வாழ்த்துகள். குழந்தையோடு உங்களுக்கு வசதிப்படும்போது எங்களுக்கு அறிவியுங்கள்.

எனக்குப் பிள்ளை தங்கியிருக்கவில்லை. அந்த வருடம் மாதாமாதம் நான் குளியலறையில் அழுததும் மச்சாளுக்குத் தெரியும். ஆனால் அன்று எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. கடிதத்தை அரிசிப் பையின் அடியில் வைத்தேன். பின்னேரம் மச்சாள் வந்ததும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சிரித்தேன்.

அந்தச் சனிக்கிழமை கணவரோடு ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குச் சாமான் வாங்கப் போனோம். கார் நிறுத்தியதும் நான் இறங்கவில்லை.

"நான் கர்ப்பம் எண்டு ஆர் எழுதினது?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"அக்கா ஒரு வருசம் பொறுக்கச் சொன்னவ. பிள்ளையளைப் பாக்க ஆளில்லை. அவதானே எங்களை எல்லாம் இஞ்சை எடுத்தவ."

"என்ர பேரிலை கையெழுத்து வைச்சது ஆர்?"

"நான்தான்," என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அக்காவின் முன்னால் எப்போதும் பன்னிரண்டு வயதுப் பெடியனாகவே நிற்பவர். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவரோடு தேவைக்கு மேல் கதைக்கவில்லை. பிறகு கதைத்தேன். என் கோபம் முழுவதையும் ஓரிடத்துக்குச் சேமித்துவைக்க வேண்டியிருந்தது. அவரில் செலவழிக்க மனம் வரவில்லை.

வகுப்பு அலுவலகத்துக்கு நானே தொலைபேசி எடுத்தேன். ஒரு வசனத்தை மூன்று நாள் பாடமாக்கியிருந்தேன். யெய் ஆர் இக்கெ கிரவீட். யெய் வில் கொம்மெ. நான் கர்ப்பமாக இல்லை, நான் வர விரும்புகிறேன். மறுபக்கத்தில் இருந்த பெண் என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டு, திங்கட்கிழமை வரச் சொன்னாள். அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னேன்.

"நான் வாற கிழமை வகுப்புக்குப் போறன்."

மச்சாள் கரண்டியை வைத்தார். "இடம் வந்திட்டுதோ?"

"ஓம் மச்சாள். வந்திட்டுது."

என் முகத்தை நன்றாகப் பார்த்தார். எனக்கு எவ்வளவு தெரியும் என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப் பின்வந்த ஆறு வருடமும் முடியவில்லை. அந்த ஆறு வருடமும் எனக்கு இன்பமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

வகுப்பில் முதல் நாள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். கணவனைக் குறிக்க எனக்குத் தெரிந்த சொல் அரசியின் துணைவருக்கு அரண்மனையில் பாவிப்பது. என் துணைவர் பெருமான் பஸ் ஓட்டுகிறார் என்ற மாதிரி ஏதோ சொல்லியிருக்கிறேன். ஆசிரியை மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு வருடத்தில் பரீட்சை எழுதி, முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்ட்ரோம்மனில் வீடு எடுத்து மாறினோம். அங்கேதான் மகள் பிறந்தாள்.

தொடரில் அந்தப் பெண் சிம்மாசனத்துக்குப் போகுமுன் படைவீரர்களிடம் போனாள். ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், குடும்பத்தை விசாரித்தாள். நான் கடிதங்களிடம் போனேன். அமைப்பில் ஒருத்தி, கணவனோடு பிரச்சினைப்பட்டவள், வைத்தியரின் கடிதத்தை மச்சாளின் மேசைக்குக் கொண்டுபோகக் கூச்சப்பட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்து மெதுவாக வாசித்துச் சொன்னேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். அதன்பின் தொலைபேசியிலும், கடைத்தொகுதியில் இருக்கப் போட்ட வாங்கிலும், தேவாலய வாசலிலும் பெண்கள் என்னிடம் உறைகளை நீட்டினார்கள். என்னுடையதைச் சேவை என்று புகழ்ந்தார்கள். அது சேவை இல்லை. ஒவ்வொரு கடிதத்தையும் மடித்துக் கொடுக்கும்போது மனதுக்குள் என் பக்கத்துக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டேன்.

மகளிர் அமைப்பின் ஆண்டுக் கூட்டம் ஒரு ஞாயிறு மத்தியானம், ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்துப் பாடசாலை மண்டபம் ஒன்றில் நடந்தது. தலைவி தெரிவு என்றால் எல்லாரும் கைதட்டுவார்கள், மச்சாள் எழும்பிக் கும்பிடுவார். அவ்வளவுதான் வழக்கம். அன்று கைதட்டு தொடங்குமுன் நான் எழும்பினேன். அமைப்பின் விதிகளைச் சொல்லும் யாப்பு நோர்வே மொழியில் இருந்தது. எழுதியவர்களைத் தவிர அதை வாசித்தவர் யாரும் இல்லை. ஓர் உறுப்பினர் கேட்டால் எழுத்தில் வாக்கெடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கேட்டேன். என் பெயரை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் முன்மொழிந்தாள். சீட்டுகளை எண்ணிய பெண் இரண்டாம் தரமும் எண்ணினாள். மச்சாளுக்கு விழுந்தவை ஒரு கைக்குள் அடங்கின.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த விரும்பவில்லை.

மச்சாள் ஒலிவாங்கியை எடுத்தார். "சந்தோசம். ஒரு கடிதம் வாசிக்கத் தெரியாமல் வந்த பிள்ளை. நான்தான் அப்ப எல்லாம் வாசிச்சுக் குடுத்தனான்."

என் கைப்பையில் அந்தக் கடிதம் இருந்தது. மேடைக்குப் போய் அவரிடம் நீட்டினேன்.

"மச்சாள், இதையும் ஒருக்கா எல்லாருக்கும் தமிழிலை வாசிச்சுச் சொல்லுங்கோ."

அவர் பிரித்தார். தலைப்பைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. முகத்தில் இரத்தம் இறங்குவதை நான் மிகக் கிட்ட நின்று பார்த்தேன்.

"கண்ணாடி கொண்டுவரேல்லை," என்றார். கண்ணாடி அவர் நெற்றிக்கு மேல் இருந்தது.

"அப்ப நான் வாசிக்கிறன்."

ஒலிவாங்கியை வாங்கி, முதலில் நோர்வே மொழியில் ஒரு வரி, பிறகு தமிழில் ஒரு வரி என்று வாசித்தேன். அவசரப்படவில்லை. வாழ்த்துகள் என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். மச்சாள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ரெண்டு வேலை செய்தனான். பிள்ளையளைப் பாக்க எனக்கு வேற ஆள் இருக்கேல்லை."

ஒலிவாங்கி என் கையில் இருந்தது. அதை அவர் பக்கம் திருப்பியிருந்தால் எல்லாருக்கும் கேட்டிருக்கும். நான் திருப்பவில்லை.

அன்று முதலாம் வரிசையில் இருந்த ஒருத்தி, எனக்கு வாக்குப் போட்டவள்தான், வாசலில் என்னைப் பிடித்து, "வெண்டனீர்தானே. அதுக்கு மேலை தேவையில்லை," என்றாள். வீட்டுக்குப் போய், நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நான்கு வருடம் தலைவியாக இருந்தேன். பெண்களுக்குக் கடிதம் வாசிக்கும் வகுப்பு வைத்தேன், நல்லது என்று இன்றும் சொல்கிறார்கள். அதே காலத்தில், மச்சாளுக்குக் கடைசிவரை நின்ற ஒருத்தி மகளின் சாமத்தியச் சடங்குக்கு அமைப்பு எடுத்து வைத்திருந்த மண்டபத்தில் ஒரு நாள் கேட்டபோது, அவளுடைய விண்ணப்பத்தை இரண்டு மாதம் இலாச்சிக்குள் போட்டு வைத்தேன். கடைசியில் அவள் வேறு இடம் பார்த்துக்கொண்டாள். அது பிழை என்று போடும்போதே தெரிந்தது. அந்தத் தொடரின் பின்பகுதியில் பேரரசி கிழவியாகி, தன்னைச் சுற்றி நிற்கிற எல்லாரிலும் சந்தேகப்படுவாள். அந்த அத்தியாயங்கள் மறுபடி ஓடியபோது நான் பார்க்கவில்லை.

மச்சாள் வீட்டை விற்றுவிட்டு ஸ்தவாங்கரில் மூத்த மகளோடு போய் இருந்தார். தம்பியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்பார். நான் எழும்பி வேறு அறைக்குப் போய்விடுவேன்.

போன கோடையில் மச்சாளின் இளைய மகளின் கலியாணம் ஸ்தவாங்கரில் நடந்தது. நான் மருந்து கொடுத்து, தலை பின்னி வளர்த்த பிள்ளை என்பதால் போனேன். மச்சாள் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டாரிடம் கூட்டிப்போனார்.

"இவ என்ர தம்பியின்ர மனிசி. ஒண்டும் தெரியாமல் வந்தவ. நான்தான் வகுப்புக்கு அனுப்பி, படிப்பிச்சு, இப்ப பாருங்கோ எப்பிடி இருக்கிறா எண்டு."

மாப்பிள்ளையின் தாய் சந்தோஷமாகத் தலையாட்டினார். மச்சாளின் கை என் மணிக்கட்டில் இறுகியிருந்தது. கலியாண வீட்டில் நான் வாய் திறக்க மாட்டேன் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். இவ்வளவு வருடமும் அவரும் பொறுமையாக இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

"இல்லை," என்றேன். "இவ அனுப்பேல்லை."

மெதுவாகத்தான் சொன்னேன். மாப்பிள்ளையின் தாய் ஒருவர் மாறி ஒருவரைப் பார்த்தார். மச்சாள் கையை விட்டுவிட்டு, பந்தியில் பாயசம் காணாது என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார். மணப்பெண் இதைக் கேட்கவில்லை. அது நல்லதாய்ப் போயிற்று.

அடுத்த நாள் ஒஸ்லோவுக்கு ரயிலில் வந்தோம். எட்டு மணித்தியாலம். மலைகளும் சுரங்கங்களும் மாறி மாறி வந்தன. பாதி வழியில் கணவர் கேட்டார்.

"உமக்கு அந்தக் கோவம் இன்னும் முடியேல்லையோ?"

"இல்லை," என்றேன்.

அவர் எழும்பி, கோப்பி வாங்கப் போனார்.